அறுந்து போகும் நூல்

கேள்வி: கோடை விடுமுறையில் தினமும் அரை மணி நேரம் நூற்பது என்று நானும் மகளும் சவால் வைத்திருக்கிறோம். தக்ளியில் (கைக்கதிரில்) நூல் அறுந்துகொண்டே இருக்கிறதே? (வாசகி, மீஞ்சூர்)

பதில்: முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், புழுக்கமானாலும் சரி. காற்றில் பஞ்சும் பறக்கும், நூலும் ஆடும். காய்ந்த காற்றில்தான் பருத்தி நூல் சுலபமாக அறும். கடற்காற்று வரும் உங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே குற்றவாளி பெரும்பாலும் கைதான். முறுக்கு ஏறுமுன் பஞ்சை இழுத்தால் நூல் பிரிந்துபோகும். அளவுக்கு மீறி முறுக்கினால் சுருண்டுகொள்ளும். பஞ்சைப் பிடித்த விரல்களைத் தளர்த்தி, முறுக்கு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முதல் வாரம் தடிமனாகவே நூற்கலாம். மெல்லிய நூலுக்கு அவசரம் வேண்டாம்.

உங்கள் அரை மணிக் கணக்கு பழையதுதான். 1924-இல் காங்கிரஸ் உறுப்பினராக, தினமும் அரை மணி நூற்று, மாதம் 2,000 கெஜம் நூல் தரவேண்டும் என்று காந்தி விதி கொண்டுவந்தார். நாளொன்றுக்குச் சுமார் 60 மீட்டர். தலைவர்கள் பலருக்கே அது கசந்தது. மறு வருடமே விதி தளர்ந்தது! மகளுக்கு இப்போதைக்கு 10 மீட்டர் போதும்.