கமக்காரர் வீட்டிற்குச் செலவு குறைந்த மீனுணவு

கமக்காரர்களே! நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் வீட்டில் உணவுக் குறை இருத்தல் கூடுமோ என நீங்கள் வினவலாம். கூடும். வயிறு நிறையச் சோறுண்ணும் பிள்ளையும், புரதம் போதாவிடின், வளர்ச்சி குன்றும். அரிசியிலுள்ள புரதத்தில் இலைசீன் என்னும் கூறு குறைவு. மீனில் அது மிகுதி. ஆகவே, சோற்றுடன் சிறிதளவு மீன் சேரினும் உணவின் தரம் உயர்கின்றது. அதற்கு விலையுயர்ந்த பெருமீன் வேண்டியதில்லை.

மீனைத் தெரிதல்

கடலோரத்திலுள்ளோர் சூடை, சாளை, நெத்தலி முதலிய சிறுமீன்களை வாங்கலாம். குளங்களை அண்டி வாழ்வோருக்கு, 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா ஏற்றது. நெத்தலி போன்றவற்றை முள்ளுடன் மென்று உண்பதால் எலும்பை உறுதியாக்கும் கல்சியமும் கிடைக்கும்.

கண் தெளிந்து, பூ சிவந்து, அழுத்திய தசை மீண்டும் எழும்பும் மீனே புதியது. வெயிலிற் கிடந்த சூடை, சாளை, சூரை என்பவற்றை மலிவென்று வாங்காதீர்கள். அவற்றில் உண்டாகும் நச்சுப்பொருள் உடற்றடிப்பையும் தலைவலியையும் விளைக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

பூச்சிநாசினி தெளித்த வயலிலும், அதன் நீர் வடியும் வாய்க்காலிலும் மீன் பிடித்தல் ஆகாது. அங்கு செத்து மிதக்கும் மீனை உண்ணவும் வேண்டாம், விலங்குகளுக்கு இடவும் வேண்டாம்.

ஆறு பேருக்கு வேண்டியவை

துப்புரவாக்கிய சூடை அல்லது திலாப்பியாத் துண்டுகள் 500 கிராம், கத்தரிக்காய் 250 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சைமிளகாய் 4, உள்ளி 6 பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறித்தூள் 2 மேசைக்கரண்டி, தேசிக்காயளவு பழப்புளி, பாதித் தேங்காய், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை, சிறிது எண்ணெய். இவற்றுட் பல உங்கள் தோட்டத்திலேயே உள்ளன.

சமைக்கும் முறை

1. மீனை மஞ்சளும் உப்பும் பூசி வையுங்கள். தேங்காயில் முதற்பாலையும் இரண்டாம் பாலையும் வெவ்வேறாகப் பிழிந்துகொள்ளுங்கள்.

2. மண்சட்டியில் எண்ணெய் விட்டு வெந்தயம், வெங்காயம், உள்ளி, மிளகாய், கறிவேப்பிலை என்பவற்றை வதக்கிக் கத்தரிக்காயையும் சேர்த்து வதக்குங்கள்.

3. புளிக்கரைசல், கறித்தூள், உப்பு, இரண்டாம் பால் என்பவற்றைச் சேர்த்துக் கத்தரிக்காய் அரைவேக்காடாகும் வரை கொதிக்கவிடுங்கள்.

4. மீனை இட்டு, மெல்லிய நெருப்பிற் பத்து நிமிடம் வேகவிடுங்கள். அகப்பையாற் கிளறினால் மீன் உடையும். சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள்.

5. இறுதியில் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

பரிமாறுதல்

புழுங்கலரிசிச் சோற்றுடன் இக்குழம்பையும் முருங்கையிலை வறையையும் பரிமாறுங்கள். இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு மீன் துணைசெய்யும். விற்றமின் ஏ தரும் பொருளை ஏற்பதற்குத் தேங்காய்க் கொழுப்பு உதவும். வயலிலிருந்து வருவோருக்குப் பெருந்துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் குழம்பை மட்டும் விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தவறு. கருவுற்றவருக்கும், பாலூட்டும் தாய்க்கும், வளரும் குழந்தைக்கும் மீன் மிகவும் தேவை. சிறு குழந்தைக்கு முள்ளை முற்றாக நீக்கிச் சோற்றுடன் பிசைந்து கொடுங்கள்.

கழிவும் பயனாகும்

உப்புச் சேராத மீன் கழுவிய நீரை வாழையடியில் ஊற்றுங்கள். செதிலையும் குடலையும் கூட்டெருக் குழியில் ஆழப் புதைத்து, வைக்கோலும் மண்ணும் இட்டு மூடுங்கள். நாயும் ஈயும் அணுகா.

மரக்கறி விற்ற பணத்தில் ஒரு சிறுபங்கை வாரத்திற் சில நாட்களாவது மீனுக்கு ஒதுக்குங்கள். பயிருக்கு உரமிடத் தவறாத நீங்கள், பிள்ளையின் வளர்ச்சிக்கு வேண்டியதையும் காலந் தவறாது அளித்தல் வேண்டும்.