தீவும் கண்டமும்

1776-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், பிலடெல்பியா நகரில் ஆசிரியர் பெயரின்றி ஒரு சிறு நூல் வெளிவந்தது. ‘காமன் சென்ஸ்’ என்பது அதன் பெயர்; பொதுவறிவு என நாம் கூறலாம். இயற்றியவர் தாமஸ் பெயின் என்னும் ஆங்கிலேயர். மகளிர் கச்சு தைக்குந் தொழிலிலும் வரி உத்தியோகத்திலும் நிலைபெறாது, 1774-ஆம் ஆண்டின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த அறிமுகக் கடிதத்துடன் அமெரிக்கா சேர்ந்தவர் அவர்.

அக்காலத்து நிலைமையை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். 1775 ஏப்ரலில் லெக்ஸிங்டனில் போர் தொடங்கிவிட்டது. எனினும் குடியேற்ற நாட்டார் பெரும்பாலும் பார்லிமெண்டையும் மந்திரிகளையுமே குறை கூறினர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை அன்று. ஜூலையில் அவருக்குப் பணிவான விண்ணப்பமொன்றும் விடுத்தனர். மன்னர் அதனை ஏற்றிலர். ஆகஸ்டு 23-ஆம் நாள் அவர்களைக் கலகக்காரரெனப் பறைசாற்றினார்.

பெயின் மந்திரிகளை விடுத்து முடியாட்சியின் வேரையே வெட்டப் புகுந்தார். அதற்கு அவர் எடுத்த கருவி வேதாகமம். இஸ்ரவேலர் அரசன் வேண்டுமென்று கேட்டபோது சாமுவேல் எச்சரித்ததையும், கிதியோன் ஆட்சியை மறுத்ததையும் விரித்துரைத்தார். முன்னோர் தகுதியுள்ள ஒருவனைத் தேர்ந்தனரென்றே கொள்வோம். அவன் வழித்தோன்றல் மூடனாயின் என் செய்வது? பிறவாத சந்ததியைக் கட்டிவைக்க முன்னோர்க்கு ஏது உரிமை? (இதே ஆசிரியர் பின்னாளில் ‘பகுத்தறிவின் காலம்’ என்னும் நூலில் வேதாகமத்தையே தாக்கினார். படிப்போர் நம்புவதைக் கொண்டே வாதிப்பது வழக்கறிஞர் இயல்புபோலும்!)

அவர் நியாயங்களுள் வலியது தொலைவு பற்றியதே என்பது எம் கருத்து. ஒரு குறையைச் சொல்ல மூவாயிரம் மைல் கடல் கடக்க வேண்டும். விடைக்கு நான்கைந்து திங்கள் காத்திருக்க வேண்டும். வந்த விடையின் பொருள் தெளிய மேலும் சில திங்கள். இது மன்னரின் தீக்குணத்தால் வந்த கேடன்று. நல்லரசர் வந்தாலும் கடல் குறுகுமோ? துணைக்கோள் தன் கோளினும் பெரிதாயிருத்தல் இயற்கையிற் காணாததுபோல, ஒரு தீவு ஒரு கண்டத்தை ஆளுதலும் முறையன்று என்றார். இங்கிலாந்து தாய்நாடன்றோ என்பார்க்கு, விலங்கும் தன் குட்டியை விழுங்காதே என்று விடையிறுத்தார். வாணிகம் கெடுமென்ற அச்சத்தையோ எளிதில் தள்ளினார்: ஐரோப்பியர் உண்ணுமளவும் அமெரிக்கத் தானியம் விலைபோகும்.

குறை இல்லாத நூலன்று. அடிமை வாணிகத்தைப் பெயின் வெறுத்தவர். ஆயினும் இந்நூலில் நீக்ரோவரையும் செவ்விந்தியரையும் அரசாங்கம் நம்மேல் ஏவுகிறதெனச் சினந்தாரேயன்றி, அவர்க்கும் விடுதலை வேண்டுமென ஈண்டு வாதித்திலர்.

ஆறு திங்கள் கழியுமுன், ஜூலை 4-ஆம் நாள், சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அதிலுள்ள குற்றச்சாட்டுகள் மந்திரிகள்மேலன்றி மன்னர்மேலேயே சுமத்தப்பட்டுள்ளன.