ரேக் கட்டத் தெரிந்தால் ரேட் ஏறும்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஹெட் யூனிட் மாற்ற, டோர் பேட் கழற்ற, ஆர்சிஏ கேபிள் இழுக்கத் தெரிந்தவர்கள் கடைக்குக் கடை நிற்கிறார்கள். அந்த வேலை சீக்கிரம் பழகிவிடும். அதனால்தான் அதற்குக் கூலியும் லேசில் ஏறுவதில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து உங்களைத் தனியாகக் காட்டப்போவது ஃபேப்ரிகேஷன். அதில் இறங்க நல்ல இடம் ஆம்ப் ரேக்: ஆம்ப்ளிஃபயரை அசையவிடாமல், சூடேறவிடாமல் தாங்கும் ஓர் உலோக ஃபிரேம். அளவெடுப்பு, கட்டிங், வெல்டிங், பெயிண்டிங், எலக்ட்ரிக்கல் எல்லாம் இந்த ஒரே ஜாபில் வந்துவிடும். உங்கள் கை எப்படிப்பட்டது என்று முதலாளிக்கும் கஸ்டமருக்கும் ஒரே பார்வையில் தெரியும்.

இப்போது பல இடங்களில் நடப்பது என்ன? சப்வூஃபர் பெட்டி மேலேயே ஆம்பை வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுகிறார்கள். வூஃபர் அதிரும் ஒவ்வொரு முறையும் ஆம்புக்குள் இருக்கும் சோல்டரிங் அடி வாங்குகிறது. இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டோடு சேர்த்துத் திணிக்கிறார்கள். காற்றில்லாமல் சூடேறி, நல்ல பாட்டு ஓடும்போது ஆம்ப் தானாக ஆஃப் ஆகிறது. அந்தக் கஸ்டமர் அடுத்த கடை தேடுவார். அந்த அடுத்த கடையில் நீங்கள் இருக்க வேண்டும்.

1. முதலில் டிக்கியை முழுதாகக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி எப்படி வெளியே வருகிறது, ஜாக்கி எங்கே இருக்கிறது, பின் சீட் எவ்வளவு மடங்குகிறது என்று கஸ்டமர் முன்னாலேயே செய்து பாருங்கள். நடு ரோட்டில் பஞ்சர் ஆனவர் ரேக்கைக் கழற்றாமல் ஸ்டெப்னியை எடுக்க முடியவில்லை என்றால் உங்கள் பெயர் கெட்டுவிடும். வேறு வழியில்லை, ரேக் குறுக்கே வந்தே தீரும் என்றால் நாலே போல்ட்டில் கழன்று வரும்படி டிசைன் செய்யுங்கள்.

2. இரும்பைத் தொடும் முன் அட்டை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி போதும். ஆம்பை அதன் மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் 5 செ.மீ. இடம் விட்டு வெட்டி, காருக்குள் வைத்துப் பாருங்கள். பலர் கோட்டை விடுவது டெர்மினல் பக்கம். பவர் கேபிளை இறுக்க ஆலன் கீ எந்தப் பக்கமிருந்து நுழைகிறது? அது சுற்ற இடம் இருக்கிறதா? தடிமனான 4 கேஜ் கேபிள் வளைந்து திரும்ப எவ்வளவு தூரம் வேண்டும்? கெய்ன் நாபைத் திருக ஸ்க்ரூ டிரைவர் எட்டுமா? இந்த நாலு கேள்விக்கும் அட்டையிலேயே பதில் கிடைத்துவிட வேண்டும்.

3. மெட்டீரியல். 25 மி.மீ. எல் ஆங்கிள், 3 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு சுமார் 1.1 கிலோ. 60க்கு 30 செ.மீ. ஃபிரேம், நடுவில் இரண்டு குறுக்குக் கம்பி என்று போட்டால் இரண்டரைக் கிலோ சொச்சம். அலுமினியத்தில் இதே வேலை மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் அலுமினிய வெல்டிங்குக்குத் தனிப் பயிற்சியும் டிக் மெஷினும் வேண்டும். ஆரம்பத்தில் மைல்டு ஸ்டீல் எடுங்கள். அலுமினியம்தான் வேண்டும் என்று கஸ்டமர் கேட்டால் வெல்டிங்கை விட்டுவிட்டு போல்ட்டிலோ ரிவெட்டிலோ கட்டுங்கள். ஜிஐ வாங்கி அப்படியே வெல்டு வைக்காதீர்கள். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சின் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

4. கட்டிங்கை விட மூலைதான் கைத்திறனைக் காட்டும் இடம். துண்டுகளை வெட்டி, ஓரத்துப் பிசிரை ராவி, சமமான இரும்புப் பலகை மேல் அடுக்குங்கள். மூலைமட்டம் வைத்து ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு டேக். முழு வெல்டு வேண்டாம், அவசரம் வேண்டாம். டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் மூலைமட்டத்தில் இருக்கிறது. 3 மி.மீ. வித்தியாசம் என்றாலும் இப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள். டேக் நிலையில் ஒரு தட்டில் முடியும். முழு வெல்டுக்குப் பிறகு கிரைண்டர் எடுத்து வெட்ட வேண்டும். அடுத்து எதிரெதிர் மூலையாக மாறி மாறி வெல்டு வையுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து வைத்தால் சூட்டில் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். 3 மி.மீ. ஆங்கிளுக்கு ஆர்க் போதும். மெல்லிய ஸ்கொயர் டியூப் என்றால் மிக் மெஷின் உள்ள பட்டறைக்குப் போங்கள், ஆர்க்கில் ஓட்டை விழும். வெல்டிங் எல்லாம் காருக்கு வெளியே. டிக்கிக்குள் வெல்டிங் மெஷினைக் கொண்டுபோகிறவரிடம் எந்தக் கஸ்டமரும் இரண்டாவது கார் கொடுக்க மாட்டார். உள்ளே ஈசியு இருக்கிறது, கார்ப்பெட் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது.

5. டிரில் போடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே. பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், வயரிங் எல்லாம் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. முடிந்தவரை கம்பெனி போட்ட சீட் போல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காலி ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். புது ஓட்டை தேவைப்பட்டால் எம்6 ரிவ்நட், அதில் ஹை டென்சைல் போல்ட், ஸ்பிரிங் வாஷர். ஷீட் மெட்டல் ஸ்க்ரூ கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, ஏனென்றால் விபத்தில் கார் 20 ஜி வேகக்குறைப்போடு நின்றால் 5 கிலோ ஆம்ப் 100 கிலோ எடையின் விசையோடு சீட்டை நோக்கி வரும். பின் சீட்டில் குழந்தைகள் உட்கார்கிறார்கள்.

6. சூடும் கிரவுண்டும். 500 வாட் கொடுக்கும் கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீத எஃபிஷியன்சியில் ஓடினால் 125 வாட் வெப்பமாகப் போகும். அதே 500 வாட்டை 55 சதவீதத்தில் ஓடும் கிளாஸ் ஏபி கொடுத்தால் 400 வாட்டுக்கு மேல் சூடு. அதனால் கிளாஸ் ஏபி என்றால் ஹீட் சிங்க் துடுப்புகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி ரேக்கைச் சாய்த்துக் கட்டுங்கள். சூடான காற்று தானே மேலே ஏறும். தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். ஆம்புக்கும் ரேக்குக்கும் நடுவே ரப்பர் புஷ் போடுங்கள். அதிர்வு குறையும், ஆல்டர்னேட்டர் ஊளை வருவதற்கு ஒரு வழியும் அடைபடும். ரேக்கையே கிரவுண்டாக நம்பாதீர்கள். தனி கேபிள், பெயிண்டைச் சுரண்டிய பாடியில், முடிந்த அளவு குட்டையாக. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் மெயின் ஃபியூஸ்.

7. ஃபினிஷிங்: ரெட் ஆக்ஸைடு, மேட் பிளாக், அவ்வளவுதான். பணம் கொடுக்கிற கஸ்டமர் என்றால் பவுடர் கோட்டிங்.

இனி உங்கள் பை நிரம்பும் விஷயம். டிரிம்மை மூடும் முன் போட்டோ எடுங்கள்: அட்டை, டேக் வைத்த ஃபிரேம், பெயிண்ட் அடித்த ரேக், கேபிள் கட்டி முடித்த ஆம்ப். வேலை கேட்டுப் போகும்போது பயோடேட்டாவுக்கு முன்னால் இதை நீட்டுங்கள். ‘நான்கு வருட அனுபவம்’ என்று எல்லோரும் எழுதுவார்கள், நேரான வெல்டை எல்லோராலும் காட்ட முடியாது. எஸ்டிமேட்டில் ரேக்கைத் தனி வரியாகப் போடுங்கள்: மெட்டீரியல், கட்டிங் வெல்டிங், பெயிண்ட், ஃபிட்டிங். ‘இன்ஸ்டாலேஷன்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் புதைத்தால் அதை இலவசமாகவே கேட்பார்கள். ஐடிஐயில் வெல்டர் டிரேடு ஒரு வருடம், ஃபிட்டர் இரண்டு வருடம். ஏற்கெனவே வயரிங் தெரிந்தவர் வெல்டரும் முடித்தால் ஒரு சின்னக் கடையில் இரண்டு ஆள் வேலையை ஒருவரே செய்யலாம். சம்பளம் பேசும்போது இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அடுத்து ஒரு டிராயிங் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளுங்கள். டிஎக்ஸ்எஃப் ஃபைல் கொடுத்தால் அம்பத்தூர், கிண்டி பக்கம் லேசர் கட்டிங்கில் பிளேட்டை வெட்டித் தருவார்கள். அதே மாடல் கார் அடுத்த முறை வரும்போது ஃபைல் ரெடி, அளவெடுக்கும் நேரம் மிச்சம். ரேட்டைக் குறைக்க வேண்டியதில்லை.

டெலிவரி கொடுத்து ஒரு மாதத்தில் கஸ்டமருக்கு நீங்களே போன் போட்டு போல்ட் டைட் பார்க்க வரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, காசு வாங்க வேண்டாம். டிக்கியைத் திறந்து நிற்கும்போது டோர் டேம்பிங் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.