பிரிம் ஊரில் ஓர் இரவு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்பர்னிலிருந்து வடமேற்கே 350 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தால் பிரிம் என்னும் சிற்றூரை அடையலாம். வழியெங்கும் கோதுமை வயல்கள். மலையும் இல்லை, கடலும் இல்லை. நம் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாழ்வோரைவிட அவ்வூரில் வாழ்வோர் குறைவு. ஆயினும், மாலை வேளையில் அங்குள்ள யாரியம்பியாக் ஓடைக்கரைக்குச் சென்றால், கேரவன் வண்டிகளும் கூடாரங்களும் நிற்பதைக் காணலாம். பயணிகள் ஏன் இங்கே வந்து தங்குகிறார்கள்?

முதல் காரணம் சாலை. ஆஸ்திரேலிய நாட்டுப்புறச் சாலைகளில் அந்தி சாய்ந்த பின் வண்டி ஓட்டுவதைப் பலர் தவிர்ப்பர். பகலில் நிழலில் படுத்திருக்கும் கங்காருகள் அந்நேரத்தில்தான் மேயப் புறப்படும். 50 கிலோ எடையுள்ள விலங்கு ஒன்று திடீரெனக் குறுக்கே பாய்ந்தால், வண்டியின் முன்பகுதி நசுங்கிவிடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். எனவே, வெளிச்சம் இருக்கும்போதே ஓர் ஊரில் நின்றுவிடுவது நல்லது. இப்படி ஊர் ஊராகத் தங்கிச் செல்பவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். நரைத்த தலையுடன் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றும் இவர்களை ஆஸ்திரேலியர்கள் ‘சாம்பல் நிற நாடோடிகள்’ என்று வேடிக்கையாக அழைப்பார்கள்.

ஆனால், எத்தனையோ ஊர்கள் இருக்க, பிரிமில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஊர் நடுவே நிற்கும் தானியக் குதிர்கள். நம் முன்னோர் நெல்லைச் சேமித்து வைக்க வீட்டில் மண்ணால் குதிர் செய்தார்கள் அல்லவா? இவை கான்கிரீட்டால் கட்டப்பட்ட மாபெரும் குதிர்கள். 1939இல் எழுந்த இந்த நான்கு குதிர்களும் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம் கொண்டவை. ஒரு காலத்தில் சுற்றுவட்டார உழவர்கள் அறுவடைக் கோதுமையை இங்கேதான் கொண்டுவந்து கொட்டினார்கள்.

காலம் மாறியது. பெரிய இயந்திரங்கள் வந்தன. பல குடும்பங்கள் சேர்ந்து செய்த வேலையை ஒரே குடும்பம் செய்ய முடிந்தது. பண்ணைகள் பெரிதாயின, குடும்பங்கள் குறைந்தன. மக்கள் குறைந்தால் கடைக்கு வாடிக்கையாளர் குறைவர். பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவர். இத்துடன், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட வறட்சியும் அந்த வட்டாரத்தை வாட்டியது. குதிர்களும் பயன்பாடின்றி நின்றன.

ஊர் மக்கள் அவற்றை இடிக்கச் சொல்லவில்லை. ஓவியம் தீட்ட இடமாகக் கேட்டார்கள். குயிடோ வான் ஹெல்டன் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் வந்தார். கோடை வெயிலில் பாரந்தூக்கியின் மேல் நின்றபடி வேலை செய்து, 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடித்தார். அவர் வரைந்தது மன்னர்களையோ விளையாட்டு வீரர்களையோ அன்று. வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்த நான்கு உழவர்கள், ஆண்களும் பெண்ணுமாக, வயலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. வண்ணங்களும் மங்கலானவை, உருவங்கள் கான்கிரீட்டிற்குள் மெல்லக் கரைந்துகொண்டிருப்பது போலத் தோன்றும். மறைந்துவரும் வாழ்க்கையை வரைய இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது.

ஓவியத்தின் படங்கள் உலகெங்கும் பரவின. கார்கள் வரத் தொடங்கின. பக்கத்து ஊர்களும் தங்கள் குதிர்களுக்கு ஓவியர்களை அழைத்தன. இன்று அவை அனைத்தையும் இணைத்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள ஓவியப் பாதையே உருவாகியுள்ளது.

படம் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் புறப்பட்டுவிட்டால் ஊருக்கு என்ன பயன்? இங்கேதான் இரவுத் தங்கல் முக்கியமாகிறது. ஒரு நாள் தங்குபவர் ரொட்டி வாங்குவார், பெட்ரோல் நிரப்புவார், உணவகத்தில் இரவு உணவு உண்பார். ஆகவே, பல சிற்றூர்கள் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ முகாமிட இடம் தருகின்றன. குடிநீர்க் குழாய், கழிப்பறை, வண்டிகளில் சேரும் கழிவைக் கொட்டுவதற்கான இடம் ஆகியவற்றையும் அமைக்கின்றன. கட்டணம் வாங்கப் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார். ஓர் உண்டியல் மட்டும் இருக்கும். பயணிகள் தாமாகவே பணத்தைப் போட வேண்டும். யாரும் பார்ப்பதில்லை; போடாமல் போனாலும் யாரும் துரத்துவதில்லை.

இதை எல்லாரும் வரவேற்பதில்லை. பணம் முதலிட்டு, வரி கட்டி, கேரவன் பூங்கா நடத்துவோர், “நகராண்மைக் கழகமே இலவசமாக இடம் கொடுத்தால் எங்களிடம் யார் வருவார்?” என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால், கேரவன் பூங்கா நடத்த எவரும் முன்வராத மிகச் சிறிய ஊருக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கு முகாம் இல்லையென்றால், பயணி அடுத்த பெரிய ஊருக்குப் போய்விடுவார். இரவுக்கு வேண்டிய எல்லாப் பொருள்களையும் நகரத்துப் பேரங்காடியிலேயே வாங்கி வந்து, இலவச இடத்தில் தூங்கி, குப்பையை மட்டும் விட்டுச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகையோரால் ஊருக்குச் செலவுதான் மிச்சம்.

முகாமிடுவோர் நெருப்பு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோடையில் வயல்கள் காய்ந்து கிடக்கும். வெப்பமும் காற்றும் மிகுந்த நாள்களில் மாநிலத் தீயணைப்புத் துறை முழுத் தீத்தடை அறிவிக்கும். அன்று விறகு மூட்டிக் குளிர்காய்வதும் சமைப்பதும் குற்றம். ஜூன், ஜூலை மாதங்களில் நிலைமை வேறு. அப்போது அங்கே குளிர்காலம். கூடாரத்திற்குள் கம்பளி இல்லாமல் உறங்க முடியாது. நகர விளக்குகள் இல்லாததால், நம் ஊரில் காணக் கிடைக்காத அளவுக்கு வானம் நிறைய விண்மீன்கள் தெரியும்.

விடிந்ததும் கூடாரங்கள் மடிக்கப்படும். வடக்கு நோக்கிச் செல்பவர்கள் பியூலாவைக் கடந்து ரோஸ்பெரிக்குப் போவார்கள். அங்கேயும் ஓவியம் தாங்கிய குதிர்கள் நிற்கின்றன. பிரிமின் ஓடைக்கரை மாலைவரை காலியாக இருக்கும்.