ஒரு பழம், மூன்று ஒலிப்பு

அடையாற்றில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி ஒருத்தி சேர்ந்தாள். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்களைக் கைப்பேசியில் கேட்டுப் பழகச் சொன்னேன். சில வாரங்களில் ‘வாழைப்பழம்’ எனத் திருத்தமாகச் சொன்னாள். ‘வாயப்பயம்’ என்று பேசும் தோழியர் சிரித்தனர். அதன்பின் அவள் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

பாடத்தின் தமிழைக் காட்டிய நான், தெருவின் தமிழைக் காட்டவில்லை. மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்: எழுத்தில் வாழைப்பழம், சென்னைப் பேச்சில் வாயப்பயம், தென்மாவட்டங்களில் வாளப்பளம். பிறகு நாநுனியை வளைத்து அண்ணத்தை வருடி, எல்லாரும் ழகரம் சொல்லிப் பார்த்தோம். பலருக்கு வரவில்லை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தோழியர் அவளுக்குக் கடைத்தெருப் பேச்சைக் கற்பித்தனர்.

பிறமொழிக் குழந்தைக்கு ஒலிப்பாடம் தரும்போது, வட்டார ஒலிப்பையும் உடன் அறிமுகப்படுத்துவோம்.