வலையைக் கலைக்காமல் ஒரு படம்

‘எட்டுக்கால் பூச்சி’ என்று வீட்டில் சொல்லிப் பழகிய சிலந்தி உண்மையில் பூச்சியன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்கள். எட்டு என்று சொன்னவுடனேயே அந்தப் பெயர் தன்னைத் தானே மறுத்துவிடுகிறது. ஆனால் மூலையில் தூசி படிந்து தொங்குவதை ஒட்டடை என்றும், சிலந்தி குடியிருப்பதை வலை என்றும் பிரித்துச் சொல்லும் நம் மொழியின் நுட்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த வலையைக் காட்டில் படமெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

சிங்கப்பூரின் மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டுப் பாதைகளின் ஓரத்திலேயே நல்ல வலைகள் கிடைக்கும். பாதையை விட்டு இறங்க வேண்டியதில்லை, இறங்கவும் கூடாது. எனக்குப் பிடித்தது நெஃபிலா பிலிப்பெஸ் என்னும் பெரிய சிலந்தி. பெண்ணின் உடல் மட்டுமே 3 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும். ஆண் 1 செ.மீ. கூட இராது, அதே வலையின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். வெயில் பட்டால் இழைகள் பொன்னிறமாக மின்னும். வலையில் பனித்துளி போல் ஏதேனும் பளபளத்தால் லென்ஸ் வழியே உற்றுப் பாருங்கள். அது ஆர்கைரோட்ஸ் என்னும் குட்டிச் சிலந்தியாக இருக்கலாம். பெரியவளின் வலையில் தங்கி, அவள் பிடித்த இரையைத் திருடித் தின்று பிழைப்பது அது!

வலை கண்ணுக்குத் தெரியாதபடி பின்னப்பட்டது. ஆகவே நேராக ஃபிளாஷ் அடித்தால் பின்னாலுள்ள இலைகள் வெளுத்துப்போய், மெல்லிய இழைகள் அவற்றில் கரைந்துவிடும். வெயில் வலைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து வர வேண்டும். பின்னணி நிழலாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் அமையும் கோணத்தைத் தேடி ஓர் அடி இப்படி, ஓர் அடி அப்படி நகர்வதில்தான் என் நேரத்தில் பாதி கழிகிறது. ஆட்டோஃபோகஸ் இழையை விட்டுப் பின்னாலுள்ள மரத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது. நெருங்கி எடுக்கும்போது எஃப்/11 வைத்தாலும் சில மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். கேமராவின் முதுகு வலைக்கு இணையாக இருந்தால் முழு வலையும் தெளியும்.

வலை நன்றாகத் தெரிவதற்காகச் சிலர் சோள மாவைத் தூவுகிறார்கள். சுற்று இழைகளில் வரிசையாக நிற்கும் பசைத்துளிகளில்தான் இரை ஒட்டுகிறது. அவற்றில் மாவு ஒட்டியபின் வேறெதுவும் ஒட்டாது. வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பழைய இழையைத் தின்று அந்தப் புரதத்திலிருந்தே புது இழை நூற்கின்றன. மாவு தூவினால் அன்றைய இரையோடு இந்த முதலுக்கும் கேடு. என்னைக் கேட்டால், அது வலையின் படமன்று, மாவின் படம். நீர்த்துளிகள் வேண்டுமானால் மழை விட்டதும் போகலாம். நம் ஊரில் மழைக்கா பஞ்சம்? குறுக்கே நிற்கும் இலையைக் கிள்ளுவதும் வேண்டாம். வலையைத் தாங்கும் இழை அதில் கட்டப்பட்டிருக்கலாம்.

ஆர்கியோப் சிலந்தியைப் படமெடுக்கும்போது கூடுதல் பொறுமை தேவை. கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல் அமர்ந்திருக்கும் அது, வலையில் வெள்ளைப் பட்டைகளையும் நெய்து வைக்கும். அப்பட்டைகள் இரையை ஈர்க்கவா, எதிரியை விரட்டவா என்ற விவாதம் ஆய்வாளரிடையே இன்னும் ஓயவில்லை. மிக அருகே போனால் வலையைப் படபடவென ஆட்டும். அப்போது நான் இரண்டடி பின்வாங்கி நின்றுவிடுவேன். ஆட்டம் அடங்கிய பிறகே ஷட்டரில் விரல் வைப்பேன்.