வாய்க்கால் நீர்மட்டக் கருவிகளைக் கணினியுடன் இணைத்தல்

திருக்கடையூர் முதலிய கடைமடைக் கிராமங்களின் சாகுபடி, மேட்டூர் அணை திறக்கப்படும் நாளைக் காட்டிலும், ஜலம் தம் மடைக்கு எப்பொழுது, எவ்வளவு வந்து சேருகிறது என்பதையே பொறுத்தது. 2018-ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய 177.25 டி.எம்.சி. காவேரி நீரும் பிலிகுண்டுலுவில் அளந்தே கணக்கிடப்படுகிறது. இரு மாநிலங்களுக்கு நடுவே அளவு அத்தனை அவசியமாயின், தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவே அஃது அவசியமன்றோ? ஆகையால், மதகடியிலுள்ள கருவியின் அளவு தொலைவிலுள்ள கணினிக்கு வந்து சேரும் விதத்தை நிலச் சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

நீர்மட்டக் கருவிகளிற் பல, தம் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாகத் தெரிவிப்பன. நான்கு மீட்டர் ஆழம் வரை அளக்குமாறு அமைத்த கருவியானால், வாய்க்கால் வறண்டிருக்கையில் 4, ஒரு மீட்டர் ஜலத்துக்கு 8, நான்கு மீட்டருக்கு 20 என்று காட்டும். வறட்சிக்கு 0 என்று வையாமல் 4 என்று வைத்ததில் நுட்பம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். எனவே 4 என்பது ஜலமில்லை என்னும் செய்தி. 0 என்பதோ செய்தியே வரவில்லை என்பதாம். இதையறியாது 0-வைக் கண்டு வாய்க்கால் வறண்டதென்று மேல்மதகைத் திறந்துவிட்டால், புதிதாக நட்ட பயிர் முழுகிப்போகும்.

இம்மின்னோட்டத்தை எண்ணாக மாற்றி அனுப்ப ஒரு சிறு பெட்டி உண்டு. அதிலிருந்து தொலைவுக்குச் செல்ல ஆர்.எஸ். 485 என்னும் தொடர் இணைப்பே ஏற்றது. முறுக்கிய இரட்டைக் கம்பியில் இது சுமார் 1200 மீட்டர் வரை செல்லும். கம்பி கருவிக்குக் கருவி வரிசையாகச் செல்லவேண்டுமேயன்றிக் கிளைவாய்க்கால்போல் பிரியலாகாது. இரு கோடிகளிலும் 120 ஓம் தடை வைக்கவேண்டும். இக்கம்பியில் வழங்கும் மாட்பஸ் என்னும் முறை 1979-இல் ஏற்பட்டது. நம் முறைப்பாசனத்தை ஒத்தது. கணினி ஒவ்வொரு கருவியையும் அதன் எண்ணைச் சொல்லி அழைக்க, அழைக்கப்பட்டது மட்டும் விடை கூறும். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் கொடுத்தால் இரண்டும் ஒருங்கே பேசி, விடை குழம்பிவிடும். புதுக் கருவி மாட்டியபின் தொல்லை நேர்ந்தால் முதலில் இதனையே பார்க்கவும்.

அலுவலகத்துக்குள் ஈதர்நெட் வசதியானது. எனினும் செப்புக் கம்பியில் ஒரே வீச்சாக 100 மீட்டருக்குமேல் அதனைக் கொண்டுபோகலாகாது. தொடர் கம்பியை அதனுடன் சேர்க்க இடைமாற்றுப் பெட்டி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மிகுந்த நம் பக்கத்தில், வெளிக்கம்பிக்கு மின்னல் காப்பும் நல்ல நிலத்தொடர்பும் இல்லாவிடில் கருவிகள் யாவும் ஒரே இரவில் பாழாகக்கூடும். கண்ணாடி இழைக் கம்பிக்கு இவ்வபாயம் இல்லை.

இன்னொன்று. கருவி விடை கூறாவிடில், சில கணினி நிரல்கள் பழைய அளவையே திரையில் நிறுத்திவைக்கும். வாய்க்கால் வற்றிய பின்னும் ஒரு மீட்டர் என்றே காட்டினால் நாற்றங்கால் காயும். வண்ணப் படங்களில் மயங்காமல், அளவோடு அது எடுத்த நேரமும் திரையில் தெரியும்படி அமைக்கச் சொல்லவும். மதகிலுள்ள பழைய அளவுகோலைப் பெயர்த்துவிடலாகாது. லஸ்கர் காலையில் அதில் கண்ட எண்ணையும் கணினி காட்டும் எண்ணையும் ஒரே பேரேட்டில் எழுதிவந்து, இரண்டும் பொருந்தாத நாளில், கருவியைச் சேறோ ஆகாயத்தாமரையோ மூடியுள்ளதா என்று பார்த்து நீக்கவேண்டும்.